ஐவர் ஆட்டத்தில் காவல்: கரையோரக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

வேம்பார் தொடங்கிப் பெரியதாழை வரையில், தூத்துக்குடிக் கடற்கரையின் ஊர்தோறும் ஐவராகவும் எழுவராகவும் கூடிப் பந்தாடும் இளைஞர்களுக்கும், அவர்களுக்குப் போட்டிகளை அமைத்துக் கொடுக்கும் கமிட்டியாருக்கும், பழைய பின்கள ஆட்டக்காரன் ஒருவனின் வணக்கம்.

தம்பிமாரே,

ஊர்த் திருவிழாவை ஒட்டி மணல்தரையில் நடக்கும் எழுவர் போட்டியாயினும் சரி, நகரத்தில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்படும் செயற்கைப் புல்தரையில் இரவு விளக்கொளியில் நடக்கும் ஐவர் போட்டியாயினும் சரி, ஆட்டம் கலைந்து வீடு திரும்பும் கூட்டம் கோல்களை எண்ணிக்கொண்டு திரும்புகிறதே ஒழிய, அவற்றுள் எத்தனை சாமர்த்தியத்தால் அடிக்கப்பட்டவை, எத்தனை எதிர்க்கட்சியாரின் அலட்சியத்தால் தானமாக வழங்கப்பட்டவை என்று பிரித்துப் பார்ப்பதில்லை. ஆறுக்கு ஐந்து என்று முடிந்த ஆட்டத்தைப் பிரமாதமான ஆட்டம் என்று புகழ்ந்துகொண்டு போகிறோம். அந்தப் பதினொரு கோல்களையும் நிதானமாக ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பார்த்தால், பாதிக்கு மேல் தானக் கணக்கில் சேர்வதைக் காணலாம். பந்தை இழந்தவன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பான். முன்னால் நிற்பவன் அது தன் காரியமல்ல என்பதுபோலத் திரும்பிப் பார்ப்பான். பின்னால் அகப்பட்டுக்கொண்ட ஒருவன் இருவரை எதிர்த்து ஓடித் தோற்பான். கோல் விழுந்தபின் மூவரும் சேர்ந்து கீப்பரைத் திட்டுவார்கள். இந்தக் காட்சி எந்த ஊர்க் குழுவுக்கும் தனிச் சொத்தல்ல.

நான் சொல்ல வந்த விஷயம் ஒன்றே. சிறிய களத்து ஆட்டத்தில் காவல் என்பது கோலுக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்ததன்று. நிற்கிற நால்வருக்குள் இருக்கும் இடைவெளியைப் பொறுத்தது. அந்த இடைவெளியை முதலில் நிர்ணயிக்கிறவன் பின்கள வீரனும் அல்லன். பந்துக்கு மிக அருகில் நிற்கும் முன்கள வீரன்தான். இதை ஏற்றுக்கொள்ளாத குழு எந்த வியூகத்தைக் கரும்பலகையில் வரைந்து வைத்தாலும் பயனில்லை என்பது என் துணிபு.

ஏன் இப்படி என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். பதினொருவர் ஆட்டத்தின் மைதானம் வழக்கமாக 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்டது. ஃபுட்சால் என்று உலகம் வழங்கும் ஐவர் ஆட்டத்தின் களமோ 40 மீட்டருக்கு 20 மீட்டர். 7,140 சதுர மீட்டர் 800 சதுர மீட்டராகச் சுருங்கும்போது, களம் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்காகிவிடுகிறது. கோலும் அதே விகிதத்தில் சுருங்கியிருந்தால் பாதகமில்லை, ஆனால் 7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் உள்ள பெரிய கோல், சிறிய ஆட்டத்தில் 3 மீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும் உடையதாகி, மூன்றில் ஒரு பங்காகவே குறைகிறது. அதாவது களத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால், ஐவர் ஆட்டத்தில் கோல்வாய் மும்மடங்கு அகன்றிருக்கிறது. பெரிய மைதானத்தில் நடுக்கோட்டருகே பந்தை வைத்திருக்கும் எதிரியினால் உடனடி ஆபத்து ஒன்றுமில்லை. இங்கே நடுக்கோட்டுக்கும் கோலுக்கும் உள்ள தூரம் 20 மீட்டரே ஆதலால், அவன் இரண்டடி எடுத்து வைத்தால் நேரே கோலுக்கு அடித்துவிடலாம். ஆபத்தில்லாத பிரதேசம் என்று ஒன்று இந்தக் களத்தில் கிடையாது. அதோடு, அங்கே ஒருவன் ஏமாந்தால் களத்தில் ஓடுகிற பதின்மரில் ஒருவன் போனான். இங்கே நால்வரில் ஒருவன் போகிறான். ஆஃப்சைடு என்ற விதியும் இல்லாமையால், பின்னவர்கள் முன்னேறி வந்து எதிரியைச் சிக்கவைக்கும் பழைய தந்திரத்துக்கும் இடமில்லை.

இந்த ஆட்டம் பிறந்த விதத்தை அறிந்தால் இதன் காவல்முறை எங்கிருந்து வந்தது என்பதும் விளங்கும். 1930-ஆம் ஆண்டில் உருகுவே நாட்டின் மோண்டேவீடியோ நகரத்தில், ஒய்.எம்.சி.ஏ. நிலையத்தில் ஆசிரியராயிருந்த ஹுவான் கார்லோஸ் செரியானி என்பவர், இளைஞர்கள் கூரைக்குக் கீழும் விளையாடும்படியாக இதை வகுத்தபோது, ஆட்களின் எண்ணிக்கையைக் கூடைப்பந்திலிருந்தும், களத்தின் அளவை ஹேண்ட்பாலிலிருந்தும், கோல்காப்பவனுக்குரிய விதிகளை நீர்ப்பந்திலிருந்தும் எடுத்துக்கொண்டார் என்பர். கூடைப்பந்தோடு உறவுள்ள ஆட்டம் என்பதால்தான், ஆளுக்கு ஆள் பிடிப்பதா, இடத்துக்கு ஆள் நிற்பதா என்ற கூடைப்பந்துக்காரர்களின் நெடுநாளைய வழக்கு இங்கேயும் தொடர்கிறது. ஹாரி பக் என்பவர் 1920-ஆம் ஆண்டிலேயே சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரி நிறுவியதும் இதே ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் சார்பில்தான், ஆயினும் அவ்வியக்கத்தின் பிள்ளையாகிய இந்த ஆட்டம் நம் தேசத்தின் கணக்கில் ஏறுவதற்கு வெகுகாலம் பிடித்தது. இந்திய ஆடவர் ஃபுட்சால் அணி ஆசியத் தகுதிச் சுற்றில் முதன்முதலாக இறங்கியது 2023-ஆம் ஆண்டில்தான்.

இனி வியூகத்துக்கு வருவோம். வியூகம் என்ற பெரிய வார்த்தையைக் கேட்டு யாரும் மிரள வேண்டாம். நால்வர் எங்கே நிற்பது என்ற சின்ன விசாரணைதான் அது.

உங்களுள் சிலர் 'டயமண்ட்' என்கிறீர்கள். முன்னால் ஒருவன், இரு பக்கமும் இருவர், பின்னால் ஒருவன். சிலர் 'பாக்ஸ்' என்கிறீர்கள். முன்னால் இருவர், பின்னால் இருவர். எது உயர்ந்தது என்று ஆட்டம் தொடங்குமுன் நடக்கும் வாதத்தை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். இரண்டுக்கும் குணமும் உண்டு, தோஷமும் உண்டு. பாக்ஸில் ஆளுக்கு ஒரு மூலை என்பதால் பொறுப்பு தெளிவாயிருக்கும்; புதிதாக ஆடுகிறவர்களுக்கு அது ஏற்றது. ஆனால் நான்கு மூலைக்கும் நடுவே ஒரு வெற்றிடம் விழுகிறது. எதிர்க்கட்சியின் முன்கள வீரன் அந்த வெற்றிடத்தில் கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வந்து நின்று, பந்தை வாங்கி இருபுறமும் பிரித்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டால், நால்வரும் அவனையே பார்த்துக்கொண்டு நிற்க நேரும். டயமண்டில் அந்த நடுவழி அடைபடுகிறது. முன்னால் நிற்பவன் எதிரியின் நேர்வழிப் பந்தை மறைக்கிறான், பின்னால் நிற்பவன் அந்த முதுகுகாட்டியைக் கவனித்துக்கொள்கிறான். ஆனால் கடைசி ஆள் தனியன். பக்கத்து இருவரும் ஆசைப்பட்டு மேலே ஏறிப் போய்விட்டால், அவன் கதி அதோகதிதான்.

வாதிடுகிறவர்கள் காணத் தவறுகிற சூட்சுமம் ஒன்று இதில் இருக்கிறது. டயமண்டாக நின்றிருக்கும் நால்வரைப் பாருங்கள். எதிரி பந்தை வலப்பக்கத்து ஓரத்துக்கு அனுப்புகிறான். அந்தப் பக்கத்துக் காவலன் பந்தை நோக்கி வெளியே போகிறான். முன்னால் நின்றவன் அவன் தோளுக்குப் பக்கமாகச் சற்றே உள்ளிறங்குகிறான். மறுபக்கத்தவன் ஓரத்தை விட்டுவிட்டு நடுவுக்கு வருகிறான். கடைசி ஆள் பந்தின் பக்கமாக நகர்கிறான். இப்போது நால்வரும் நிற்பது எந்த வடிவம்? பாக்ஸ்தான்! பந்து மீண்டும் நடுவுக்குப் போனால் மறுபடி டயமண்டாகிவிடுவார்கள். ஒழுங்காக நகரத் தெரிந்த குழுவுக்கு இரண்டும் ஒரே வியூகத்தின் இரண்டு நிலைகள். நகரத் தெரியாத குழுவுக்கு இரண்டுமே கரும்பலகைச் சித்திரம். ஆகையால் பெயரைப் பற்றிச் சண்டை பிடிக்கும் நேரத்தில், பந்து இங்கிருந்து அங்கே போனால் நாம் ஒவ்வொருவரும் எத்தனை அடி நகர்வது என்பதைப் பழகிக்கொண்டால் நலம். என் அபிப்பிராயத்தில், முன்னவனுக்கும் கடைசி ஆளுக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு மீட்டருக்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேல் போனால் அது ஒரு குழுவன்று, ஒரே நிறச் சட்டை போட்ட நான்கு தனி மனிதர்கள்.

'உன் ஆளைப் பிடி, உன் ஆளைப் பிடி' என்று கோட்டுக்கு வெளியிலிருந்து கத்துகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆளுக்கு ஆள் பிடிப்பது தவறென்று நான் சொல்ல மாட்டேன். எதிரி களைத்திருக்கும்போதும், கடைசி நிமிஷங்களில் ஒரு கோல் பின்தங்கி நிற்கும்போதும் அது வேண்டியதே. ஆனால் ஆட்டம் முழுவதும் அப்படியே ஆடுகிறவர்களை ஒரு சாமர்த்தியசாலி எளிதில் கலைத்துவிடுவான். இரண்டு எதிரிகள் ஒருவர் பாதையை ஒருவர் குறுக்கே வெட்டி ஓடினால், பிடித்துக்கொண்டிருந்த நம்மவர் இருவரும் ஒருவரோடொருவர் மோதிக்கொள்வதுதான் பலன். அந்த இடத்தில் ஆளை மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றிக்கொள்வதற்கு வாய் வேண்டும். 'மாத்து' என்ற ஒரு வார்த்தை போதும். அதைச் சொல்ல வேண்டியவன் பின்னால் நிற்பவன். ஏனெனில் ஆட்டம் முழுவதையும் எதிரே காண்பவன் அவன். நம் குழுக்களில் பின்னால் நிற்பவன் வாய் திறப்பதில்லை. முன்னால் நிற்பவனோ ஆட்டம் முழுதும் பந்து கேட்டுக் கத்துகிறான். இந்த ஏற்பாடு தலைகீழாக மாற வேண்டும்.

காவலர் ஒருவரையொருவர் நம்பி நிற்பதற்கு ஓர் உவமை சொல்கிறேன். முத்துக்குளிப்பு நம் கரையில் 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. ஆயினும் அதைப் பற்றிய பேச்சு இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. கல்லைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றை மேலே தோணியில் பிடித்திருக்கும் பொறுப்பை அவன் மைத்துனனுக்கே கொடுப்பார்கள் என்பது பெரியவர்கள் சொல்லும் வழக்கு. தன் உடன்பிறந்தாளின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது என்பதை அறிந்தவன் கண்ணை அப்புறம் இப்புறம் திருப்ப மாட்டான் அல்லவா? பந்தை நோக்கிப் போகிற முதற் காவலனுக்கும், அவனுக்கு இரண்டு மூன்று மீட்டர் பின்னால் ஒருபுறமாகச் சாய்ந்து நிற்கிற இரண்டாமவனுக்கும் உள்ள சம்பந்தம் அத்தகையது. முதலாமவன் துணிந்து போவது இரண்டாமவன் அங்கே நிற்கிறான் என்ற நம்பிக்கையில்தான். இரண்டாமவன் ஐந்தாறு மீட்டர் எட்டி நின்றால், முதலாமவன் தோற்றதைப் பார்க்கும் சாட்சியாக மட்டுமே பயன்படுவான். ஒட்டி நின்றாலோ ஒரே தந்திரத்தில் இருவரும் சேர்ந்து ஏமாறுவார்கள்.

அந்த முதற் காவலனைப் பற்றி இன்னும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். நம் குழுக்கள் தோற்பது பெரும்பாலும் அவனிடத்திலேதான். அவன் காரியம் பந்தைப் பறிப்பதென்று எல்லோரும் நினைக்கிறார்கள். அவனும் அப்படியே நினைத்துக் காலை நீட்டுகிறான். ஐவர் ஆட்டத்தில் தேர்ந்த எதிரி பந்தை உள்ளங்காலுக்குக் கீழே வைத்திருப்பான். காவலன் கால் நீளுகிற அந்தக் கணத்துக்காகவே காத்திருந்து, பந்தை மெல்ல இழுத்துக்கொண்டு பக்கத்தில் போய்விடுவான். முதற் காவலனின் உண்மையான காரியம் தாமதப்படுத்துவது. ஓடிப் போய் எதிரியை நெருங்கியதும் வேகத்தைக் குறைத்து, நேருக்கு நேர் நில்லாமல் உடம்பைச் சாய்வாக வைத்து, ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் வைத்து, அவனுக்கு ஒரே ஒரு வழியை மட்டும் திறந்துவைக்க வேண்டும். அந்த வழி எப்போதும் ஓரக்கோட்டுக்குப் போகிற வழியாக இருக்கட்டும். ஓரக்கோட்டைப் போல விசுவாசமான காவலன் வேறொருவன் இல்லை. அது களைப்பதில்லை, ஏமாறுவதில்லை, ஃபவுலும் செய்வதில்லை. எதிரியை அங்கே ஒதுக்கியபின், இரண்டே விநாடி அவன் அங்கே தயங்கி நின்றானானால், மற்ற மூவரும் பந்துக்குப் பின்னால் வந்து சேர்ந்துவிடுவார்கள். பிறகு பந்து தானாகவே நம் காலுக்கு வரும்.

முன்கள வீரன் ஒருவன் பந்தை இழந்தவுடன் செய்ய வேண்டியதும் இதுவே. இழந்த இடத்திலேயே ஒரு கணம் எதிரியை மறித்தால் போதும். தலையைப் பிடித்துக்கொண்டு வருத்தப்படுவதற்கு ஆட்டம் முடிந்தபின் நிறைய நேரம் இருக்கிறது.

இரண்டாம் கம்பத்து மூலையில் விழும் கோல்களைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. எதிரி ஓரத்திலிருந்து கோலை நோக்கி அடிப்பதுபோல் தரையோடு வேகமாக ஒரு பந்தை அனுப்புவான். அது கீப்பரையும் கடந்து அப்பாலுள்ள கம்பத்துக்கு ஓடும். அங்கே ஒருவன் ஓடி வந்து காலை வைத்தால் கோல். பார்க்க எளிதாயிருக்கும் இந்தக் கோலுக்கு ஐவர் ஆட்டத்தில் ஈடு கிடையாது. பந்து இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கிற காவலன் பந்தையே பார்த்துக்கொண்டு தன் முதுகுக்குப் பின்னால் ஒருவன் நுழைவதை மறந்துபோவதால்தான் அது விழுகிறது. பந்தும் ஆளும் ஒருசேரக் கண்ணில் படும்படி உடம்பைத் திறந்து நிற்கப் பழக வேண்டும்; முடியாவிட்டால் நொடிக்கொரு தரம் தலையைத் திருப்பியாவது பார்க்க வேண்டும். சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவர்கள் இதை முதலில் கற்பித்தால் புண்ணியமுண்டு.

ஃபவுல் விஷயத்தில் நம் கரையோரத்தார் கொஞ்சம் தாராளமானவர்கள். தாண்டிப் போகிறவனின் சட்டையைப் பிடித்து நிறுத்திவிட்டு, கோலைக் காப்பாற்றினேன் என்று பெருமை பேசுவார்கள். ஃபுட்சால் விதியோ இந்தத் தாராளத்தைக் கணக்கு வைக்கிறது. ஒவ்வொரு பாதியிலும் ஒரு குழுவின் ஃபவுல்கள் சேர்த்து எண்ணப்பட்டு, ஆறாவதிலிருந்து எதிரிக்குச் சுவரில்லாத நேரடி உதை கிடைக்கிறது. கோலிலிருந்து 10 மீட்டர் தூரத்தில் வைத்துக் கீப்பர் ஒருவரை மட்டும் எதிர்த்து அடிக்கலாம். மூன்றாம் நிமிஷத்தில் நடுக்கோட்டருகே அவசியமில்லாமல் பிடித்த சட்டைக்கு, பதினெட்டாம் நிமிஷத்தில் வட்டியோடு விலை கொடுக்க நேரும். கடற்கரை மணலில் ஆடும் ஆட்டத்தில் நிலைமை இன்னும் கடினம். அங்கே ஃப்ரீ கிக் எதற்குமே சுவர் கட்ட அனுமதியில்லை.

மணலைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு வார்த்தை. மணற்பாட்டிலும் ஆலந்தலையிலும் மணலில் வளர்ந்த காலுக்குப் பலம் தனி. ஆனால் அங்கே பழகிய காவல்முறையை அப்படியே செயற்கைப் புல்லுக்குக் கொண்டுவந்தால் செல்லாது. மணலில் பந்து உருளாது, எழும்பும்; ஆகவே எதிரியை ஒட்டி நின்று, பந்து அவன் நெஞ்சிலிருந்து இறங்குமுன் கெடுப்பதே அங்கே முறை. புல்தரையிலோ உருண்டோடும் பந்துக்கு வழியடைப்பது முறை. ஆடி மாதத்து மேல்காற்றில் திறந்த மைதானத்தில் ஆடும்போது இரண்டுக்கும் மேலாக மூன்றாவது ஒரு கணக்கும் சேர்ந்துகொள்கிறது. காற்றை எதிர்த்து நிற்கும் பாதியில் உயர்ந்து வரும் பந்து தலைக்கு மேலே போய்த்தான் விழும் என்று வைத்துக்கொண்டு, கடைசி ஆள் இரண்டடி பின்வாங்கி நிற்பது உத்தமம். தருவை மைதானத்தில் ஆடியவர்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

எழுவர் ஆட்டத்துக்கு வேறு சாஸ்திரம் ஒன்றும் தேவையில்லை. பின்னால் இருவர், நடுவில் மூவர், முன்னால் ஒருவர் என்பது நம்மிடையே பெருவழக்கு. நடுவிலுள்ள மூவரில் பக்கத்தவர் இருவரும் பந்தை இழந்த மறுகணமே பின்னிருவரோடு சேர்ந்துகொள்ளும் பட்சத்தில் அது போதுமானது. பின்னிருவரும் ஒரே கோட்டில் நிற்கக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கீப்பர் விஷயம் அப்படி லேசாகக் கடந்துபோகத் தக்கதன்று. நம் ஊர்களில் கோலில் நிறுத்தப்படுகிறவன் யார்? ஓட முடியாதவன், தடித்தவன், அல்லது வயதில் எல்லோருக்கும் இளையவன். 1958-ஆம் ஆண்டில் ஆசியாவின் சிறந்த கோல்காப்பாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பீட்டர் தங்கராஜ் முதலில் முன்கள வீரராக ஆடியவர் என்பதை அப்படி நிறுத்துகிறவர்கள் அறிந்தால் வெட்கப்படுவார்கள். வெலிங்டன் மதராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணிக்கு 1955-இலும் 1958-இலும் டூராண்ட் கோப்பையைப் பெற்றுத் தந்ததில் அவர் கைகளுக்குப் பங்குண்டு. 1962-இல் ஜகார்த்தாவில் தென்கொரியாவை இரண்டுக்கு ஒன்று என்று வென்று இந்தியா ஆசிய விளையாட்டுத் தங்கம் பெற்ற இறுதியாட்டத்திலும் கோலில் நின்றவர் அவரே. ஐவர் ஆட்டத்தில் கீப்பர் ஐந்தாம் காவலன். நால்வர் பின்னால் விழும் பந்துக்கு வெளியே ஓடி வந்து உதைக்க வேண்டியவன் அவன். ஆகவே குழுவிலேயே ஆட்டத்தை நன்றாகப் படிக்கத் தெரிந்தவனைத்தான் அங்கே நிறுத்த வேண்டும்.

எதிர்க்கட்சி தன் கீப்பரையும் முன்னே ஏற்றி ஐவராய்த் தாக்கும்போது என்ன செய்வதென்று பல குழுக்கள் தவிக்கின்றன. நான்கு பேர் ஐந்து பேரையும் பிடிக்க முடியாது. ஒருவனை விட்டுத்தான் ஆக வேண்டும். விடுவது ஓரத்தில் நிற்பவனாக இருக்கட்டும். நால்வரும் குறுகி, கோலுக்கு முன்னால் நெருங்கி நின்று, நடுவழியை அடைத்துவிட்டு, ஓரத்திலிருந்து வரும் அடியைக் கீப்பரிடம் ஒப்படைக்கலாம். நம்மில் ஒருவர் வெளியேற்றப்பட்டு மூவராக நிற்கும்போது முக்கோணமாய் நில்லுங்கள். ஃபுட்சாலில் அந்தத் தண்டனை இரண்டு நிமிஷம் அல்லது ஒரு கோல் விழும்வரை தான். பொறுமையிருந்தால் கடந்துபோகும்.

இவ்வளவும் கேட்டபின், 'அண்ணாச்சி, காவலையே கட்டிக்கொண்டு அழுதால் ஆட்டத்தில் அழகு எங்கே?' என்று கேட்பீர்கள். 2021-இல் லிதுவேனியாவில் நடந்த ஃபுட்சால் உலகக் கோப்பை இறுதியில் போர்ச்சுகல் அர்ஜென்டினாவை வென்றது இரண்டுக்கு ஒன்று. 2024-இல் உஸ்பெகிஸ்தானில் அதே அர்ஜென்டினாவை பிரேசில் வென்றதும் இரண்டுக்கு ஒன்று. பந்தை வைத்து வித்தை காட்டுவதில் உலகத்துக்கே ஆசான்களான பிரேசில்காரர்கள் ஆறாம் முறையாகக் கோப்பையைத் தூக்கிய ஆட்டம் அது. வித்தை தெரிந்தவர்களே ஒரு கோலோடு எதிரியை நிறுத்தி வைக்கும்போது, அரைகுறை வித்தைக்காரர்களாகிய நமக்கு மட்டும் ஐந்து கோல் கொடுக்கும் ஆடம்பரம் எதற்கு?

நம் பக்கத்திலேயே உதாரணம் வேண்டுமானால், குமரிக் கடற்கரையின் இரவிபுத்தன்துறை மணலில் பந்தாடி வளர்ந்த மைக்கேல் சூசைராஜைப் பாருங்கள். இடப்பக்கத்தில் பறந்து தாக்குகிற வீரராகப் பெயர் பெற்ற அவரை, 2019-20 பருவத்தில் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியின் பயிற்சியாளர் அந்தோனியோ ஹபாஸ் பின்னுக்கு இழுத்து, தாக்குதலும் காவலும் ஒருங்கே சுமக்கும் ஸ்தானத்தில் நிறுத்தினார். அந்தப் பருவத்தின் இந்தியன் சூப்பர் லீக் கோப்பை அவ்வணிக்கே கிடைத்தது. ஓடிப் போய்த் தாக்குகிற அதே கால்கள் ஓடி வந்து காக்கவும் கூடும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? இந்தியக் கால்பந்தின் பொற்காலத்தை உருவாக்கிய ஐதராபாத் சையது அப்துல் ரஹீம், பந்தை உருட்டிக்கொண்டு ஓடுவதையே விலக்கிய போட்டிகளை நடத்தித் தம் ஆட்களைப் பழக்கினார். அந்த வழியைப் பின்பற்றி, வாரத்தில் ஒரு நாளாவது பந்தைப் பறிக்கவே கூடாது, மறித்துத் தாமதப்படுத்த மட்டுமே செய்யலாம் என்ற நிபந்தனையோடு அரைமணி நேரம் பழகிப் பாருங்கள். முதல் வாரம் எரிச்சல் வரும். பிறகு நீங்கள் கால் நீட்டாமலே பந்து உங்களிடம் வருவதைக் காண்பீர்கள்.

கடைசியாகக் கமிட்டியாருக்கு. ஐயா, நீங்கள் அதிகக் கோல் அடித்தவனுக்குக் கோப்பை கொடுக்கிறீர்கள். சிறந்த பின்கள வீரனுக்கும் ஒன்று கொடுக்கிறீர்கள். ஆனால் அந்த இரண்டாவது கோப்பை எவன் பலமாக மோதி ஆளை விழுத்தினானோ அவனுக்கே போகிறது. வரும் போட்டியிலிருந்து மூன்று காரியம் செய்யுங்கள். குழுவின் ஃபவுல் எண்ணிக்கையைக் கோல் எண்ணிக்கைக்குப் பக்கத்தில், கூட்டம் முழுவதும் காணும்படி பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். ஆறாவது ஃபவுலுக்குச் சுவரில்லாத உதை என்ற விதியை ஊர்ப் போட்டியிலும் தயவுதாட்சண்யமின்றி நடத்துங்கள். குறைந்த கோல் வாங்கிய குழுவின் ஐவருக்கும் சேர்த்து ஒரு கோப்பை வையுங்கள். முன்கள வீரனும் கீப்பரும் அதை ஒன்றாய் ஏந்தி நிற்கட்டும். மற்றப் பரிசுகளைக் கொஞ்சம் சிறிதாக்கியாவது, இந்த ஒரு கோப்பையைப் பெரிதாக வாங்குங்கள்.

இங்ஙனம்,
உங்கள் ஆட்டத்தைக் கோட்டுக்கு வெளியிலிருந்து பார்த்துவரும்
பழைய பேக் ஒருவன்,
தூத்துக்குடி.